மகளுக்குச் சடை, நகம், மேக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரையுள்ள பெண் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. மதுரை வெயிலும், போர் தண்ணீரின் உப்பும், சித்திரைத் திருவிழாவும், பள்ளி ஆண்டு விழா மேடையும் இதில் அடிக்கடி தலைகாட்டும்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? எதை விடலாம், எதைத் தடுக்கலாம்?

வயதைப் பார்ப்பதைவிட இதைக் கேட்டுப் பாருங்கள்: இன்றைக்குப் போட்டது இன்றைக்கு ராத்திரி கழுவினால் போய்விடுமா? போகும் என்றால் விளையாட்டு, தாராளமாக விடலாம். போகாது என்றால் அவள் வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும். பின்னல், ரிப்பன், கிளிப்பு, சாந்து, தண்ணீரில் கரையும் வண்ணம் எல்லாம் முதல் பக்கம். முடிக்குக் கலர், ஸ்ட்ரெய்ட்னிங், ப்ளீச், ஜெல் நகம், புருவம் திரெட்டிங் எல்லாம் அடுத்த பக்கம். நெயில் பாலிஷ் ரிமூவரில் போய்விடும் என்பதால் முதல் பக்கத்திலேயே வைக்கலாம். இந்தக் கணக்குக்கு அடங்காதது மருதாணி ஒன்றுதான். அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை கைக்கு அகப்பட்டதை எல்லாம் வாயில் வைக்கும். கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு, முத்துக் கிளிப்பு, சின்ன ரப்பர் பேண்டு மூன்றும் தொண்டையில் சிக்கக்கூடியவை. அந்த வயதுக்கு நெற்றியில் சாந்து போதும்.

காலையில் சடை போடும் பொறுப்பு இப்போது அப்பாவுக்கு. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் சாமான்: அகலப் பல் சீப்பு ஒன்று, வகிடு எடுக்க வால் சீப்பு ஒன்று, தண்ணீர் தெளிக்க ஸ்ப்ரே பாட்டில், துணி சுற்றிய ரப்பர் பேண்டு நான்கு. மளிகைப் பொட்டலத்தில் வரும் வெறும் ரப்பர் பேண்டு வேண்டாம். கழற்றும்போது முடியை அறுத்துக்கொண்டு வரும்.

பிள்ளையை முக்காலியிலோ தாழ்ந்த ஸ்டூலிலோ உட்கார வையுங்கள். அவள் உச்சந்தலை உங்கள் நெஞ்சுக்குக் கீழே இருந்தால்தான் கை வலிக்காது. இரட்டைச் சடை என்றால் வால் சீப்பின் முனையை நெற்றி நடுவில் வைத்து, தலையோட்டை ஒட்டியபடியே பிடரி வரை ஒரே இழுப்பில் கொண்டுபோக வேண்டும். வகிடு கோணுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவள் தலையைத் திருப்புவதுதான். எதிரே ஒரு கண்ணாடி வைத்தால் அதையே பார்த்துக்கொண்டு நேராக இருப்பாள். ஒரு பக்கத்து முடியை ரப்பர் பேண்டில் ஒதுக்கிவிட்டு மறு பக்கத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

காதுக்குப் பின்னால் முடியைச் சேர்த்து மூன்று கற்றையாகப் பிரியுங்கள், ஒவ்வொரு கற்றையும் ஒரு கால். வலது காலை நடுவில் போடு, இடது காலை நடுவில் போடு. இதுதான் முழுப் பாடமும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, மூன்று கால்களும் சம தடிமனில் இல்லாததால் சடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். மற்றொன்று, முதல் மூன்று பின்னலைத் தளர விட்டுவிட்டு, கீழே போகப் போக இறுக்குவது. அப்படிச் செய்தால் மத்தியான மணி அடிக்கும் முன்பே மேல் பகுதி குலைந்துவிடும். தொடக்கத்தில் நிதானமாகப் பிடித்து, பிறகு ஒரே சீராக இழுத்து வந்து, நுனியில் நான்கு விரல் அகலம் விட்டு ரப்பர் பேண்டு போடுங்கள்.

மடித்துக் கட்டுகிற பள்ளிச் சடைக்கு, கடைசி ஐந்தாறு பின்னலின்போதே ரிப்பனை நடுவாக மடித்து இரண்டு கால்களோடு சேர்த்துப் பின்னிவிட வேண்டும். முடித்த பிறகு சடையை மேலே மடித்து, ரிப்பனின் இரு முனைகளையும் காதுக்குப் பின்னால் சடையின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்து பூப்போல முடிச்சுப் போடுங்கள். ஒரு சடைக்கு ஒரு மீட்டர் ரிப்பன் தாராளம். நைலான் ரிப்பன் வழுக்கும், சாட்டின் அதைவிட வழுக்கும். முதல் முறை தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கட்டினால் பிடிப்பு இருக்கும்.

முதலில் ஒரு தடித்த கயிற்றை மூன்று துண்டாக்கிக் கதவுக் கைப்பிடியில் கட்டிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாகப் போகும்.

சிக்கு எடுக்கும்போது தினமும் அழுகிறாள்.

உச்சியிலிருந்து சீவுவதால்தான். நுனியிலிருந்து நான்கு விரலுக்கு மேல் முடியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, பிடிக்குக் கீழே மட்டும் சீவுங்கள். பிடித்த கை இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், தலைக்கு வலி போகாது. நுனி பிரிந்ததும் பிடியை மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீவவே கூடாது. ஈரம் தெளித்து, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிச் சீவ வேண்டும். நேரான முடி ஈரத்தில் எளிதாக நீண்டு அறுந்துவிடும், அதனால் முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவுவது நல்லது.

மதுரையின் புறநகர்ப் பகுதிகளில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள இது முக்கியக் காரணம். தலைக்குச் சோப்புப் போடுவதை நிறுத்துங்கள். ஷாம்பு அல்லது சீயக்காய் போட்டு அலசிய பிறகு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். ராத்திரி தலையை விரித்துப் போட்டுத் தூங்க வேண்டாம். தளர்வான ஒற்றைச் சடை போட்டுப் படுத்தால் காலைச் சிக்கு பாதியாகக் குறையும்.

இறுக்கிப் பின்னினால்தான் முடி வளரும் என்கிறார் ஆச்சி.

ஆச்சி சொல்வதில் ஒரு பாதி சரி. பின்னி வைத்த முடி உரசி உடைவது குறைவு, அதனால் நீளம் தங்கும். இறுக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வது வேரின் வேலை. நாள்தோறும் இறுக்கி இழுத்தால் வேர் தளர்ந்து, நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் முடி மெலியத் தொடங்கும். ஆரம்பத்தில் கவனித்து நிறுத்தினால் திரும்ப முளைக்கும், வருடக்கணக்கில் இழுத்தால் முளைக்காது. சடை போட்டதும் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றி இழுபட்டாலோ, முடி வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தாலோ அவிழ்த்துப் போடுங்கள். வகிடு எடுக்கும் இடத்தையும் வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

பூ எவ்வளவு வைக்கலாம்? நழுவி விழுகிறதே.

சின்னப் பிள்ளைக்கு ஒரு முழம் போதும். பந்துப் பந்தாக வைத்தால் பாரம் பின்னால் இழுத்துக் கழுத்து வலிக்கும். நழுவுவதற்குக் காரணம், ஹேர் பின்னைப் பூவின் மேலே குத்துவது. பூச்சரத்தை இரண்டாக மடித்து, மடிப்பு முனையில் நாரோடு முடியையும் சேர்த்துக் கவ்வும்படி பின்னைச் செருகுங்கள். இரு ஓரமும் காதை நோக்கி வளைந்து வரும்படி விட்டு, முனைக்கு ஒரு பின். மொத்தம் மூன்று பின். சடை பின்னிய பிறகு, அது தொடங்கும் இடத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியை மொட்டாக வாங்கினால் சாயங்காலம் விரிந்து வாசம் தூக்கும். வைக்கும் முன் ஒரு வெள்ளைத் துணியின் மேல் உதறுங்கள், எறும்பு இருந்தால் விழும். மார்கழி, தையில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அப்போது கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கைகொடுக்கும். கனகாம்பரத்துக்கு வாசம் இல்லை, ஆனால் சீக்கிரம் வாடாது. பாரமும் இல்லாததால் பிள்ளைகளுக்கு அதுவே வசதி. தூங்கும் முன் பூவை எடுத்துவிடுங்கள்.

விசேஷத்துக்குச் சடை அலங்காரம், குஞ்சலம் வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. முடி தோள் வரைதான் என்றால் சவுரி (ஒட்டு முடி) சேர்த்துப் பின்ன வேண்டியிருக்கும். அப்போது முழுப் பாரமும் பிடரியிலுள்ள கொஞ்ச முடியில் தொங்கும். சவுரியின் கயிற்றை முடியில் முடிச்சிடாமல், ஒரு குதிரைவால் போட்டு அதன் ரப்பர் பேண்டில் கட்டுங்கள். சடையில் வைக்கும் நகைகளான பித்தளை ராக்கொடியும் சடை நாகமும் கனமானவை. அட்டையில் ஜரிகை ஒட்டியதோ வாழைப்பட்டையில் பூத் தைத்ததோ பிள்ளைக்குப் போதும். முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கும் கடைகளில் வாங்கப் போனால் பிள்ளையையும் கூட்டிப் போய், தலையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பேன் இருக்கிறது. ஒரே முறையில் ஒழிக்க வழி?

கிடையாது. ஈறு, அதாவது பேன் முட்டை, பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், மருந்து ஈறைச் சரியாகக் கொல்லாது. அதனால்தான் இரண்டாம் முறை கட்டாயம். ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷனை, தலைக்குக் குளித்துத் துவட்டிய முடியில் தடவி, பத்து நிமிஷம் கழித்து அலசுங்கள். ஒன்பதாம் நாள் திரும்பவும் தடவுங்கள். மருந்து வேண்டாம் என்றால், நிறையக் கண்டிஷனர் தடவிய ஈர முடியைப் பேன்சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, மூன்று நாளுக்கு ஒரு முறை சீவி வாருங்கள். பேன் எதுவும் வராத சீவல் தொடர்ந்து மூன்று முறை அமைந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டியிருக்கும் ஈறு பெரும்பாலும் வெறும் கூடு.

மண்ணெண்ணெய் வேண்டாம். அந்துருண்டையையோ கற்பூரத்தையோ பொடித்து எண்ணெயில் கலப்பதும் வேண்டாம். கற்பூரம் உடம்புக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். அந்துருண்டை சில பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

முடியைச் சுருளாக்க, கலராக்கக் கேட்கிறாள்.

சுருளுக்குச் சூடு தேவையில்லை. லேசாக ஈரமான முடியை ஆறு அல்லது எட்டுச் சின்னச் சடைகளாகப் பின்னிப் படுக்க வைத்து, காலையில் முழுக்கக் காய்ந்த பிறகு விரல்களால் பிரியுங்கள். அலை அலையாக வரும். பெரிய சுருள் வேண்டுமென்றால் பழைய பருத்திச் சேலையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொரு கற்றையின் நுனியையும் துணியில் சுற்றி மேலே உருட்டி முடிச்சிடுங்கள். ஈரம் அதிகமானால் காலை வரை காயாது, பிரித்ததுமே நேராகிவிடும். பெரும்பாலோருக்கு இது சரியாக வராததற்கு அதுதான் காரணம்.

கலருக்கு ஹேர் சாக் (முடியில் தேய்க்கும் வண்ணச் சாக்பீஸ்) போதும். நுனியில் மட்டும், தோளில் பழைய துண்டைப் போட்டுவிட்டு. நிரந்தர டை எதுவும் வேண்டாம். பார்லரில் செய்யும் சில ஸ்மூத்தனிங் மருந்துகள் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும். பிள்ளை அந்த அறையில் உட்கார்ந்திருப்பதும் நல்லதில்லை.

நெயில் பாலிஷ் போட்டால் ஒரே நாளில் உரிந்துவிடுகிறது. எப்படிப் போடுவது?

நம் ஊரில் உரிவதற்கு முதல் காரணம் தேங்காய் எண்ணெய். தலைக்குத் தடவிய கையோடு நகத்தில் பூசினால் ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ரிமூவர் தொட்ட பஞ்சால் நகத்தை மட்டும் ஒரு தடவை துடைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் இடம் கூடாது, பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பற்றுபவை. மேஜையில் செய்தித்தாளை விரித்து, அவள் கையை அதில் பதித்து வைக்கச் சொல்லுங்கள். பாட்டிலைக் குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறி நகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் போதும். பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, மறு பக்கத்தில் இருக்கும் துளியை நகத்தின் நடுவில் வைத்து நுனி வரை ஒரு கோடு. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்று கோட்டுக்கு மேல் தேய்த்தால் வரி விழும். தோலை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் இடம் விடுங்கள். தோலில் பட்டால் அந்த ஓரத்திலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும்.

ஒரே பூச்சாகக் கெட்டியாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும், படுக்கை விரிப்பின் தடம் அதில் பதியும். மெல்லிய பூச்சு இரண்டு, நடுவில் மூன்று நிமிஷம். தொட்டால் ஒட்டாத நிலைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், முழுக்க இறுக ஒரு மணி நேரத்துக்கு மேல். சிவப்பும் அடர் நிறமும் நகத்தை மஞ்சளாக்கும். அடியில் நிறமில்லாத பூச்சு ஒன்று கொடுத்தால் தப்பிக்கலாம்.

எந்த விரலுக்கு? நாம் சோறு பிசைந்து சாப்பிடுகிறவர்கள். வலது கை நகத்தில் உரியும் பாலிஷ் நேரே சாம்பார் சாதத்துக்குப் போகும். சின்னப் பிள்ளைக்குக் கால் விரல்களும் இடது கையும் போதும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். விரல் சூப்புகிறவளுக்கும் நகம் கடிக்கிறவளுக்கும் கால் மட்டும்தான். தண்ணீர் அடிப்படையிலான, தோல் போல உரித்தெடுக்கும் பாலிஷும் கிடைக்கிறது. வாடை குறைவு, ரிமூவர் தேவையில்லை, ஆனால் பாத்திரம் கழுவ உதவினால் கழன்றுவிடும்.

எடுக்கும்போது பஞ்சை நனைத்து நகத்தின் மேல் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்து, நுனியை நோக்கி ஒரே இழுப்பு. தேய்க்க வேண்டாம். முடிந்ததும் கை கழுவி, இப்போது தடவலாம் தேங்காய் எண்ணெய். நகத்தோரத் தோலை வெட்டவோ தள்ளவோ வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அதுதான். பள்ளியில் அனுமதி இல்லையென்றால் வெள்ளி சாயங்காலம் பூசி, ஞாயிறு ராத்திரி எடுத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு நகம்?

பின்பக்கம் ஸ்டிக்கர் உள்ள பிளாஸ்டிக் நகம் ஒரு மணி நேர விளையாட்டுக்குச் சரி. பசை வேண்டாம். அது ஃபெவிக்விக் இனத்துப் பசை. பருத்தித் துணியில் சிந்தினால் தோல் சுடும் அளவுக்குச் சூடேறும், கண்ணில் பட்டால் இமை ஒட்டிக்கொள்ளும். ஜெல் பாலிஷில் உள்ள அக்ரிலேட் ரசாயனங்கள் தோலில் பட்டு ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும். பின்னாளில் பல் மருத்துவர் அடைக்கும் பொருளில்கூட அதே இனம் உண்டு.

மருதாணி பாதுகாப்பானதுதானே? கோன் வாங்கலாமா?

செடியில் பறித்த இலை வேறு, கோனில் வருவது வேறு. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் தோலைச் செம்மஞ்சளாகவே பிடிக்கும். எடுத்த உடனே வெளிறித் தெரியும், ஒரு நாள் இரண்டு நாளில் கருஞ்சிவப்பாக ஏறும். மணிக்கணக்கில் வைத்தால்தான் பிடிக்கும். அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கிறது என்று விற்கும் கோனில் தலைச்சாயத்துக்கான பிபிடி என்ற ரசாயனம் இருக்கக்கூடும். அது தோலில் நேரடியாகப் பட்டால் போட்ட கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பி, ஆறிய பிறகு தழும்பாகவோ வெள்ளைத் தடமாகவோ நிற்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்தவளுக்குப் பெரியவளானதும் தலைக்கு டை போட முடியாது. கறுப்பு நிறம், பெட்ரோல் வாடை, சேர்மானம் அச்சிடாத கவர் என்று எது இருந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் அரைக்க, இரண்டு கைக்கும் காம்பு நீக்கிய இலை இரண்டு பெரிய கைப்பிடி. ஒரு சின்னத் துண்டு களிப்பாக்கு, ஆறிய டீ டிகாக்‌ஷன் இரண்டு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி. தண்ணீர் சேர்க்காமல் அம்மியிலோ சின்ன ஜாரிலோ நைசாக அரையுங்கள். திப்பி இருந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டம், சுற்றிப் புள்ளிகள்: சின்னப் பிள்ளைக்கு இதைவிட நுணுக்கமான கோலம் கலையாமல் நிற்காது. மூன்று மணி நேரம் வைத்து, தண்ணீர் படாமல் உதிர்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் தலையணையும் கன்னமும் சிவக்கும்.

தோலில் ஒன்றிரண்டு வாரம் நிற்கும், நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை மூன்று நான்கு மாதம் நிற்கும். பள்ளி திறக்கும் தேதியைப் பார்த்துவிட்டு வையுங்கள். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருப்பது) உள்ள பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் இலை மருதாணியும் கூடாது. ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வந்த பதிவுகள் மருத்துவத்தில் உண்டு.

பொம்மைக் கடை மேக்கப் பெட்டி வாங்கலாமா?

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் அழகுப்பொருளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும். வண்ணப் படம் மட்டும் அச்சிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இது எதுவும் இருக்காது. பவுடர் வகையில் டால்க் என்ற கனிமத் தூள் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். சிறுமிகளுக்கு விற்ற சில மேக்கப் பவுடர்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததை 2019-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்டது.

பதினைந்து வண்ணப் பெட்டி ஒன்றின் காசுக்கு உருப்படியான மூன்று பொருள் வாங்கலாம்: நிறமேற்றிய லிப் பாம் ஒன்று, கன்னத்துக்கு இளஞ்சிவப்பு க்ரீம் ஒன்று, தண்ணீரில் கரையும் ஃபேஸ் பெயின்ட் ஒன்று. இதோடு ஒரு கைக்கண்ணாடியும் ஸ்பாஞ்சும். எதையும் முதல் முறை முழங்கைக்கு உள்பக்கம் பட்டாணி அளவு தடவி ஒரு நாள் பாருங்கள். கைவினைக் கடை ஜிகினாத் தூள் முகத்துக்கு ஆகாது. அதன் ஓரம் கூர், கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும்.

ஆண்டு விழாவுக்கோ மீனாட்சி வேஷத்துக்கோ நாமே மேக்கப் போட முடியுமா?

முடியும், இருபது நிமிஷம் போதும். முதலில் உடையைப் போட்டுவிடுங்கள். மேக்கப் முடிந்த பிறகு தலை வழியாக எதையும் மாட்டினால் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு போகும். உடைக்கு மேல் பழைய சட்டையை முன்னும் பின்னுமாக மாட்டிக்கொள்ளலாம்.

முகம் கழுவித் துடைத்து, மெல்லிய பூச்சாக மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிஷம் விடுங்கள். அடிப்பூச்சான பேன்கேக் அவள் நிறத்துக்கு ஒத்ததாக இருக்கட்டும். இரண்டு படி வெளுப்பாக எடுத்தால் மேடை விளக்கில் சாம்பல் பூசியதுபோல் தெரியும். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். கழுத்து, காது மடல், பிடரி மூன்றையும் எல்லோரும் மறப்பார்கள். பிறகு கன்னத்துக்கு ரூஜ், புருவத்துக்குப் பென்சில், கீழிமைக்கு வெளியே மை, உதட்டுக்குச் சாயம். கடைசியில் பவுடரை உங்கள் கையில் கொட்டிப் பஃபில் எடுத்து, அவள் கண்ணை மூடி மூச்சைப் பிடித்து மூன்று எண்ணும் நேரத்தில் ஒற்றிவிடுங்கள். முகத்துக்கு நேரே டப்பாவை உதறினால் தூள் நுரையீரலுக்குப் போகும்.

பச்சை மேனி வேண்டுமென்றால் ஃபேஸ் பெயின்ட் மட்டுமே. போஸ்டர் கலர், துணிச்சாயம், ஹோலிப் பொடி எதுவும் தோலுக்கானது இல்லை. கிரீடத்தின் உள்விளிம்பில் பஞ்சு வைத்துத் துணியால் சுற்றித் தையுங்கள், காதுக்கு மேல் அறுக்காது. சித்திரை மாசத்து வெயிலில் மாசி வீதிகளில் நடக்கப்போகிறாள் என்றால் மேக்கப்பைவிடத் தண்ணீர் முக்கியம். ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் உதட்டுச்சாயம் கலையாது. காலுக்குச் செருப்பு மறக்க வேண்டாம்.

கலைக்க ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். முகம் முழுக்கத் தடவி ஒரு நிமிஷம் விட்டு, பழைய மல் வேட்டித் துணியால் துடைத்து, பிறகு சோப்பு. எண்ணெய் இல்லாமல் சோப்பை வைத்துத் தேய்ப்பதால்தான் மறுநாள் முகம் சிவந்து எரிகிறது.

கண் மை?

இமைக்கு வெளிக் கோட்டில் மட்டும். உள் இமையில் வேண்டாம். கண்ணுக்குத் தீட்டும் பொடியான சுர்மாக்களில் சில ஈயத் தாதுவை அரைத்தே செய்யப்படுபவை. ஈயம் கண்ணீர் வழியாகவும், கசக்கிய விரல் வழியாகவும் உடம்புக்குள் போய் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். விளக்கெண்ணெய்த் தீபத்தில் பிடித்த வீட்டு மையில் ஈயம் இல்லை என்றாலும் கிருமி சேரும். ஒரு மைப்பென்சிலை அக்கா தங்கைக்கும் மாற்றிப் போட்டால் மெட்ராஸ் ஐயும் மாறும்.

பொட்டு வைத்த இடத்தில் தோல் வெளுக்கிறது.

ஸ்டிக்கரின் பசை. சில பசைகளில் உள்ள ஒரு ஃபீனால் வகை ரசாயனம் தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிக்கும். உடனே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். இனிமேல் சாந்து அல்லது சந்தனம்.

சொந்தக்காரர்கள் "கொஞ்சம் கலராக்கும் க்ரீம் போடு" என்கிறார்கள்.

போடாதீர்கள். பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம் தோலை மெலிய வைக்கும். இதைவிடப் பெரிய சேதம், விளையாட்டாகக் கண்ணாடி முன் நின்றவளுக்குத் தன் முகத்தில் ஏதோ குறை இருப்பதாகத் தோன்றிவிடுவது. பேச்சு அவள் காதில் விழும் இடத்தில் நடந்தால், பதிலையும் அவள் காதில் விழும்படியே சொல்லுங்கள்: "அவ கலர் அவளுக்கு நல்லாத்தான் இருக்கு அத்தை, அவ விளையாடத்தான் கேக்குறா."

தம்பியும் கேட்கிறான்.

போட்டுவிடுங்கள்.

அரிப்போ எரிச்சலோ வந்தால்?

நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம். மஞ்சள், டூத் பேஸ்ட் தடவ வேண்டாம். ரிமூவரைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இராஜாஜி ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ உடனே போங்கள். உதடு, கண்ணிமை வீங்கினாலும் மூச்சு இழுத்தாலும் 108. கோன் மருதாணிக்கு எதிர்வினை மெதுவாக வரும். போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தடித்தாலும் காரணம் அதுவாக இருக்கலாம்.

வாங்கிய பொருளை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம்?

திறந்த டப்பா படத்துக்குள் 6 எம், 12 எம் என்று அச்சிட்டிருப்பார்கள். திறந்த நாளிலிருந்து அத்தனை மாசம். திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதி வையுங்கள். மஸ்காராவுக்கு மூன்று மாசம். ஓட்டு வீடு, தகரக் கொட்டகை என்றால் கோடையில் லிப் பாம் உருகி எண்ணெய் பிரியும். அதை ஃபிரிட்ஜின் கதவில் வைக்கலாம், ரிமூவரை மட்டும் பூட்டிய அலமாரியில். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் சோப்பில் கசக்கி வெயிலில் காயப் போடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்தால் பூஞ்சை, குப்பைக்கு அனுப்புங்கள். கண் நோய் வந்த வாரத்தில் கண்ணுக்குப் போட்டது எதுவாக இருந்தாலும் புதிதாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.